பென்னி ஹாயில் ஜன்னல்

"பென்னி ஹாயிலை ஒன்றும் செய்துவிட மாட்டீர்களே, லவ்?"

"கவலைப்படாதீர்கள். முகப்பில் ஒரு கல்லைக்கூட எடுக்கப்போவதில்லை" என்றேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. முகப்பில் ஒரு கல்லும் போகவில்லை. ஆனால் அந்த அம்மா கேட்டது முகப்பைப் பற்றி இல்லை. அது எனக்கு அப்போதே தெரியும்.

இங்கிலாந்தின் மேற்கு யார்க்ஷயர் கம்பளி ஆலைகளில் வாசல் காப்பாளர் உட்காரும் அறைக்குத்தான் பென்னி ஹாயில் என்று பேர். அந்த ஊர்ப் பேச்சில் ஹாயில் என்றால் பொந்து. லவ் என்பது யாரையும் அன்பாகக் கூப்பிடும் சொல். மணி அடித்த பிறகு வருகிறவர்கள் அந்தச் சின்ன ஜன்னலில் ஒரு பென்னி அபராதம் கட்டிவிட்டு உள்ளே போகவேண்டும். பின்னாலிருந்த ஆலையை இடித்து எத்தனையோ வருஷமாகிறது. வாசல் கட்டடம் மட்டும் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. அதை ஊர்க் கூட்டங்களுக்கான இடமாக மாற்றும் வேலையில், கட்டடத்தை அளந்து மதிப்பீட்டு அறிக்கை எழுதுவது என் பொறுப்பு.

விக்டோரியா காலத்து ஆலை முதலாளிகள் வாசலுக்குத்தான் தாராளமாகச் செலவு செய்தார்கள். ஷெஃபீல்டில் கிரீன் லேன் வொர்க்ஸின் 1860ஆம் வருஷத்து வாசல், ரோமானிய வெற்றி வளைவைப் போலவே இருக்கும், மேலே மணிக்கூண்டோடு. அது கணப்பு அடுப்புகள் செய்த தொழிற்சாலை! எங்கள் கட்டடம் அவ்வளவு பெரிதில்லை என்றாலும் எண்ணம் அதுதான். சாலையைப் பார்த்த பக்கம் முழுக்க இழைத்த மணற்கல். பின்பக்கத்தில் கரடுமுரடான கல். நடுவில் பாரம் ஏற்றிய குதிரை வண்டி நுழையும் அளவுக்கு வளைவு. சக்கரம் சுவரை உரசாமலிருக்க அடியில் இரண்டு பக்கமும் குட்டையான காவல் கற்கள். வளைவுக்குள் போனால் இடது பக்கம் எடை மேடை அறை, வலது பக்கம் பென்னி ஹாயில். அந்த ஜன்னல் இருப்பது வளைவின் உட்சுவரில். சாலையிலிருந்து பார்த்தால் தெரியாது.

இங்கிலாந்தில் ஒரு கட்டடத்தைப் பாதுகாக்கவேண்டிய கட்டடங்களின் பட்டியலில் சேர்த்தால் உட்புறமும் சேர்ந்துதான் பாதுகாப்பு. ஆனால் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்க முடியாது. அதனால் எதற்கு எவ்வளவு மதிப்பு என்று பிரித்து எழுதுவோம். இதற்கு 2008இல் வந்த வழிகாட்டி நெறிகள் உண்டு. சான்று மதிப்பு, வரலாற்று மதிப்பு, அழகியல் மதிப்பு, சமூக மதிப்பு என்று நான்கு. கடைசியது, அந்த இடத்தோடு மக்களுக்கு உள்ள பந்தம். முகப்புக்கு நான்கு பக்கம் எழுதினேன். ஜன்னலுக்குச் சமூக மதிப்பு என்ற கட்டத்தில் "குறைவு" என்று ஒரே சொல்.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் ஜன்னலை இடித்துக் கதவாக்க அனுமதி கிடைத்தது.

கதவு தேவைதான். சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கு வேறு வழியே இல்லை. முன்வாசலில் மூன்று படி. எடை மேடைப் பக்கம் தரைக்கடியில் குழி. 2010ஆம் வருஷத்துச் சமத்துவச் சட்டம் இருக்கிறது. சட்டமே இல்லாவிட்டாலும் ஊர்க் கூட்டத்துக்குச் சிலர் மட்டும் உள்ளே வர முடியாமல் போவது நியாயமில்லை. இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். அப்புறம் ஏன் அந்த அம்மாவிடம் சொல்லவில்லை? அங்கேதான் எனக்கு இடிக்கிறது. "அந்த இடத்தில்தான் கதவு வருகிறது, காரணம் இது" என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஒருவேளை சரி என்றுகூட அவர் சொல்லியிருப்பார். அவருக்கே கையில் ஊன்றுகோல் இருந்தது.

அவர் அம்மா பன்னிரண்டு வயதில் அந்த ஆலையில் அரைநாள் வேலைக்குச் சேர்ந்தவராம். அரைநாள் ஆலை, அரைநாள் பள்ளிக்கூடம். 1918ஆம் வருஷக் கல்விச் சட்டம்தான் அந்த முறைக்கு முடிவு கட்டியது. அதற்குக் கொஞ்சம் முன்னால். "முதல் வாரமே ரெண்டு தடவை லேட். ரெண்டு பென்னி போச்சு. சாகிறவரைக்கும் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்" என்றார். நான் தலையாட்டினேன். குறிப்பேடு கையிலேயே இருந்தும் எழுதிக்கொள்ளவில்லை. அறிக்கை போய்ச் சேர்ந்து மூன்று வாரமாகியிருந்தது.

எழுதியிருந்தால் என்ன மாறியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். கதவு அங்கேதான் வந்திருக்கும். சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது. சில நாள், மூன்றடி தள்ளிக் கதவை வைக்க முடியுமா என்று நான் கேட்கவே இல்லையே என்பது நினைவுக்கு வருகிறது. அங்கே ஒரு வார்ப்பிரும்புத் தூண் இருந்தது. தூணை நகர்த்தச் செலவாகும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

ஜன்னலைப் பிரித்த அன்று நான் போயிருந்தேன். கல் கொத்தர் கீழ்க்கல்லைத் தனியாக எடுத்து என்னிடம் காட்டினார். நூறு வருஷக் கரி படிந்து சுற்றிலும் கறுப்பாக இருந்தது. நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம், தேன் நிறத்தில் வழவழவென்று. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர். விரலால் தடவினால் விளிம்பே தட்டுப்படவில்லை. காசு தேய்த்ததா, கை தேய்த்ததா, சொல்ல முடியாது. "இதை உடைக்கவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். சாக்கில் சுற்றி, சுண்ணக்கட்டியால் எண் போட்டுக் கிடங்கில் வைத்திருக்கிறோம். புதுக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் பதிக்கலாம் என்று இரண்டு தடவை எழுதிவிட்டேன். பதில் வரவில்லை.

கதவு நன்றாக இருக்கிறது. சென்ற மாதம் ஒருவர் சக்கர நாற்காலியில் தானாகவே உள்ளே வந்ததைப் பார்த்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. அந்த அம்மா வந்தாரா என்று கேட்க நினைத்தேன். என்ன பேர் சொல்லிக் கேட்பது?

இப்போது வேறொரு ஊரில் வேறொரு ஆலை வாசல். அதே அட்டவணை. மற்ற மூன்று கட்டங்களையும் நிரப்பிவிட்டேன். நான்காவது அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும்.