செரனேடின் தொடக்கத்தைப் பழகுகிறேன்: அமெரிக்க பாலே, இதுவரை

அமெரிக்க பாலேயின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, அதை உடம்பாலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. பெரியவர்களுக்கான வகுப்புக்குப் போகிறேன். மற்ற நாட்களில் வீட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி. இப்போது பழகுவது ஜார்ஜ் பாலன்சின் என்ற நடன அமைப்பாளரின் 'செரனேட்' நடனம், அதிலும் தொடக்கப் பகுதி மட்டும்.

திரை விலகும்போது 17 பெண்கள் அசையாமல் நிற்கிறார்கள். பாதங்கள் நேராகச் சேர்ந்திருக்கின்றன. வலது கை உயர்ந்து, உள்ளங்கை வெளியே பார்க்கிறது. சைக்கோவ்ஸ்கியின் தந்தி இசைக்கு மணிக்கட்டு மெல்ல மடங்குகிறது. கை நெற்றிப்பொட்டருகே வந்து மார்புக்கு இறங்குகிறது. அப்புறம், எல்லாப் பாதங்களும் ஒரே கணத்தில், குதிகால்கள் சேர்ந்திருக்க, வெளிப்பக்கமாகத் திரும்பி ஃபர்ஸ்ட் பொசிஷனுக்கு வருகின்றன. பாலே வகுப்பில் முதல் நாள் சொல்லித்தரும் நிலை அதுதான். அதை மேடையில் இவ்வளவு பெரிய விஷயமாக ஆக்க முடியும் என்பதை இன்னும் வியப்போடுதான் பார்க்கிறேன். செய்து பார்த்தால் திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும் என்று புரிகிறது. கணுக்காலை மட்டும் திருப்பினால் முழங்கால் வலிக்கும், பார்க்கவும் பொய்யாக இருக்கும். இப்போதெல்லாம் தொடை முழுவதும் சேர்ந்து திரும்புவது எனக்கே தெரிகிறது.

அதென்ன 17? 1933-இல் லிங்கன் கர்ஸ்டீன் என்ற கலை ஆதரவாளர் பாலன்சினை நியூயார்க்குக்கு அழைத்தபோது, முதலில் ஒரு பள்ளி வேண்டும் என்றுதான் பாலன்சின் கேட்டார். 1934 ஜனவரியில் ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலே தொடங்கியது. நடன அமைப்பை ஆரம்பித்த மாலை வந்திருந்தவர்கள் 17 பெண்கள். அதனால் 17 பேருக்கு அமைத்தார். அடுத்த நாள் குறைவாக வந்தார்கள், அதற்கேற்ப அடுத்த பகுதி. ஒரு பெண் விழுந்து அழுதாள், இன்னொருத்தி தாமதமாக வந்தாள். இரண்டும் நடனத்திலேயே சேர்ந்துகொண்டன. அந்த ஜூனில் வைட் பிளெயின்ஸில் ஒரு தோட்ட வீட்டில் மாணவர்களே ஆடினார்கள். கற்றுக்கொண்டிருந்தவர்களுக்காகப் பிறந்த நடனம் இது. எனக்கு இதன்மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்கு அதுவே காரணம்.

கடினமான இடம் சுழற்சி. வகுப்பில் பழகிய முறையில் ஃபோர்த் பொசிஷனில், அதாவது ஒரு பாதத்தை இன்னொன்றுக்கு முன்னால் இடைவெளி விட்டு வைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கிச் சுழல்வோம். பாலன்சின் பாணியில் பின்கால் நீட்டியே இருக்கும், எடை முன்காலில். பின்காலை மடக்கி உந்தும் வசதி கிடையாது. முன்காலே தூக்க வேண்டும். ஆனால் பார்ப்பவருக்கு இதோ சுழலப் போகிறாள் என்ற முன்னறிவிப்பே கிடைக்காது. அமெரிக்க பாலேயின் வேகம் என்று சொல்வதில் பெரும்பங்கு இப்படித் தயாரிப்பை மறைப்பதில் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒற்றைச் சுற்று நிலையாக வருகிறது. இரட்டைச் சுற்று இன்னும் வரவில்லை.

இந்தப் பாணி எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்க்க பாலன்சின் 1957-இல் அமைத்த 'அகான்' நடனத்தையும் பார்த்துவருகிறேன். ஸ்ட்ராவின்ஸ்கி இசை, பயிற்சி உடைகள், 12 பேர். பாலன்சினின் நியூயார்க் சிட்டி பாலே குழுவில் அதன் நடுநாயகமான இருவர் நடனத்தை முதலில் ஆடியவர்கள் டயானா ஆடம்ஸ் என்ற வெள்ளைப் பெண்ணும் ஆர்தர் மிட்செல் என்ற கறுப்பு ஆணும். தென்மாநிலங்களில் நிறப்பிரிவினை நடப்பில் இருந்த காலம் அது. மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட பிறகு, 1969-இல், மிட்செல் கேரல் ஷுக்குடன் சேர்ந்து டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம் என்ற பாலே குழுவை நிறுவினார். கறுப்பு உடம்புக்கு பாலே பொருந்தாது என்று சொல்லிவந்தவர்களுக்கு மேடையிலேயே பதில் கொடுத்தார். அமெரிக்க பாலே என்றதும் பாலன்சினோடு நிறுத்திக்கொள்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு.

அடுத்து ஆக்னஸ் டி மில் என்ற நடன அமைப்பாளரின் 'ரோடியோ' நடனம், 1942. ஏரன் கோப்லேண்டின் இசைக்குக் குதிரை மேல் இருப்பதுபோல் கால் அகட்டி நடக்கும் நடை அதில் வருகிறது. இடுப்பைத் திறந்து வைக்கப் பழகியது அதற்கு உதவுமா என்று இந்த வாரம் செய்து பார்க்கப் போகிறேன்.