60 கெல்வின் வரை

கரும்பொருளை (dark matter, கண்ணுக்குப் புலப்படாத பொருள்) தேடும் எங்கள் படிகங்களைக் கடுங்குளிரில் வைத்திருக்கும் கிரையோஸ்டாட்டை 60 கெல்வின் வரை சூடாக்கிவிட்டு மறுபடி குளிர்விக்கலாம் என்று முடிவெடுத்தது நான்தான். அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அன்று, படிகங்களில் பதிவான துடிப்புகளின் ஆற்றல் பரவலைக் காட்டும் நிறமாலையைப் பார்த்த கூட்டம் கலைந்தபின் முனைவர் பட்ட மாணவி கேட்டது மனத்தை விட்டுப் போகவில்லை: "இந்த நிறமாலை கரும்பொருள் கணிப்போடு பொருந்தி வந்திருந்தாலும் சூடாக்கச் சொல்லியிருப்பீர்களா?"

நிச்சயமாக என்றேன். கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டேன்.

கால்சியம் டங்ஸ்டேட் படிகங்களில் 200 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே வந்து குவியும் துடிப்புகள் இந்தத் துறை முழுவதற்கும் தலைவலி. குளிர்வித்தபின் அவற்றின் வீதம் நாளாக ஆகக் குறைகிறது என்றும், 60 கெல்வினுக்குச் சூடாக்கிக் குளிர்வித்தால் மறுபடி ஏறிவிடுகிறது என்றும் கரும்பொருளைத் தேடும் கிரெஸ்ட் (CRESST) ஆய்வுக்குழு எழுதியிருக்கிறது. நாம் எப்போது குளிர்வித்தோம் என்பது கரும்பொருளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் படிகங்களும் அப்படித்தானா என்று பார்க்காமல் எதையும் வெளியிட எனக்கு மனமில்லை. மாணவிக்கோ ஆய்வேட்டுக்கு இடையறாத தரவு வேண்டும். சூடாக்கினால், படிகங்களின் மேல் வெப்பமானிகளாக இருக்கும், மீக்கடத்து நிலையின் விளிம்பில் நிறுத்திய டங்ஸ்டன் படலங்களுக்கு இயங்குபுள்ளியை, அதாவது அவை சரியாக வேலைசெய்யும் நிலையை, மறுபடி தேட வேண்டும். ஆற்றல் அளவுத்திருத்தமும் முதலிலிருந்து. அந்த அலுப்பைப் பட்டவர்களுக்கே தெரியும்.

என் பக்கத்துக்கு வரலாறு இருக்கிறது. இத்தாலியின் கிரான் சாஸோ நிலத்தடி ஆய்வகத்தில் கிரெஸ்ட்டின் தொடக்ககால சஃபயர் படிகங்களை இறுகப் பிடித்திருந்த சிறு குண்டுகள் அழுத்திய இடங்களில் நுண்விரிசல்கள் விட்டன. ஒவ்வொரு விரிசலும் ஏதோ துகள் மோதியது போலவே துடித்தது. பிடிப்பை மாற்றியதும் நின்றது. சந்தேகப்பட்டதால் பிழைத்தார்கள்.

ஆனால் அதே வரலாறு மாணவியின் பக்கமும் சாய்கிறது. 2011இல் அதே குழு 67 நிகழ்வுகளை அறிவித்தது. தெரிந்த பின்புலத்தால் மட்டும் அவற்றை விளக்க முடியாது என்பதற்குப் புள்ளியியல் உறுதி நான்கு சிக்மாவுக்கு மேல், அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாத அளவு. 2014இல் மேம்படுத்திய டிடெக்டர் அதை உறுதிப்படுத்தவில்லை. வெளியிட்டதும் நேர்மை, தாங்களே அதைக் கைவிட்டதும் நேர்மை. நான் அந்த 2011இல் அங்கே இருந்திருந்தால் முதலில் எதைச் செய்திருப்பேன்?

சூடாக்கிக் குளிர்வித்ததும் எங்கள் படிகங்களிலும் வீதம் எகிறியது. திரையைப் பார்த்தபோது எனக்கு வந்தது நிம்மதி. ஏமாற்றம் அல்லவா வந்திருக்க வேண்டும்! நான் நினைத்தது சரியானதில் மகிழ்ந்தேனா, உண்மை தெரிந்ததிலா? துடிப்புகளுக்கு வேர் பிடிப்பின் இறுக்கமா, படலம் படிகத்தில் உண்டாக்கும் அழுத்தமா என்பது எங்களுக்கு அப்போதும் பிடிபடவில்லை. எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக வருவதால் அவற்றுக்கு மிகை (excess) என்ற பெயரை வைத்துக்கொண்டு மேலே போய்விட்டோம்.

அடுத்த ஓட்டத்துக்கான திட்டத்தில், நிறமாலை எப்படி இருந்தாலும் குறித்த நாளில் சூடாக்கியே ஆக வேண்டும் என்று எழுதிவைத்தேன். மாணவி அதைப் படித்துவிட்டு, அந்த நாளை யார் மாற்றலாம் என்று கேட்டார். குழுத்தலைவர் மாற்றலாம் என்று கீழே இருந்தது, அதாவது நான். பம்ப் பழுதானால் யாராவது ஒருவர் முடிவெடுத்துத்தானே ஆக வேண்டும்?