மேலிமைத் தொய்வு: காரணம் கண்டறிந்து சிகிச்சை பெற்ற என் அனுபவம்

என் வலக்கண்ணின் மேலிமை தாழ்ந்திருப்பதை என்னைவிட மற்றவர்களே முதலில் கவனித்தார்கள். நான் உணர்ந்ததெல்லாம் மாலை நேரத்தில் நெற்றியில் ஏற்படும் ஒரு கனமும், எதிரே இருப்பவரைப் பார்க்கும்போது முகவாயைச் சற்று உயர்த்திக்கொள்ளும் புதிய பழக்கமும்தான். இமை பார்வையை மறைக்கத் தொடங்கும்போது நெற்றித் தசை புருவத்தை உயர்த்தி அக்குறையை ஈடுசெய்ய முயல்கிறது என்பதையும், நாள் முழுவதும் நீளும் அந்த உழைப்பே தலைவலியாக மாறுகிறது என்பதையும் கண் மருத்துவர் பின்னர் விளக்கினார்.

பெரியவர்களுக்கு வரும் இமைத் தொய்வில், இமையை உயர்த்தும் சிகிச்சையைக் காட்டிலும் அது ஏன் தாழ்ந்தது என்று கண்டறியும் கட்டமே முக்கியமானது என்பது நான் இதில் கற்ற பாடம். மேலிமையை உயர்த்தும் முதன்மையான தசைக்கு லெவேட்டர் என்று பெயர். மூன்றாம் மூளை நரம்பு அதனை இயக்குகிறது. அதற்குத் துணையாக முல்லர் தசை என்னும் சிறு தசை, நம் விருப்பமின்றித் தானாக இயங்கும் பரிவு நரம்புகளின் கட்டுப்பாட்டில், ஏறத்தாழ 2 மி.மீ. அளவுக்கு இமையை உயர்த்துகிறது. தசை, அதன் நரம்பு, நரம்பும் தசையும் சேரும் இடம், தசையை இமையோடு இணைக்கும் நாண் ஆகியவற்றில் எங்கே பழுது நேர்ந்தாலும் இமை தாழும் என்பதால், வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து எவராலும் காரணத்தைச் சொல்லிவிட முடியாது.

மருத்துவர் கேட்ட கேள்விகள் அனைத்தும் இதனைச் சுற்றியே அமைந்தன. தொய்வு திடீரென வந்ததா, படிப்படியாக வந்ததா? பொருள்கள் இரண்டாகத் தெரிகின்றனவா? காலையில் குறைவாகவும் மாலையில் அதிகமாகவும் இருக்கிறதா? விழுங்குவதில், பேசுவதில் சிரமம் உண்டா? கழுத்தில் வலி உண்டா? மூன்றாம் மூளை நரம்பு பாதிக்கப்பட்டால் இமை தாழ்வதோடு இரட்டைப் பார்வையும் ஏற்படலாம். அக்கண்ணின் பாவையும், அதாவது கருவிழியின் நடுவில் கறுப்பாகத் தெரியும் துளையும், விரிந்திருந்தால், மூளை இரத்தக் குழாயில் உருவான வீக்கம் அந்த நரம்பை அழுத்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டியிருக்கும். சிறிதளவு தொய்வோடு பாவை சுருங்கியிருப்பது, பரிவு நரம்புப் பாதையில் நேரும் பாதிப்பான ஹார்னர் நோய்க்குறியைக் குறிக்கலாம். அதனுடன் புதிதாகக் கழுத்து வலியும் இருந்தால் கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்திருக்கக்கூடும். ஆகவே திடீரென இமை தாழ்ந்தவர்களும், புதிதாக வந்த கடும் தலைவலி, இரட்டைப் பார்வை, பாவை அளவில் வேறுபாடு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று உடனிருப்பவர்களும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும் என்று நான் மிக அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். முன்பதிவுக்காகக் காத்திருக்கும் விஷயம் அல்ல இது.

பரிசோதனை எளிமையாகவே இருந்தது. சிறு விளக்கொளியைக் கண்ணில் காட்டி, கருவிழியின் நடுவில் தெரியும் ஒளிப்புள்ளிக்கும் மேலிமை விளிம்புக்கும் உள்ள தொலைவை அளந்தார். அது இயல்பாக 4 முதல் 5 மி.மீ. வரை இருக்கும், எனக்கு 2 மி.மீ.க்கும் குறைவாக இருந்தது. பிறகு புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்கச் சொல்லி, அடுத்து மேலே பார்க்கச் சொல்லி, இமை எவ்வளவு தூரம் நகர்கிறது என்று கணக்கிட்டார். அந்த அளவு நன்றாக இருந்ததால் தசை வலுவுடன் இருப்பது உறுதியானது. மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைக் களைப்பு நோயை விலக்குவதற்காக, நெடுநேரம் கண்சிமிட்டாமல் மேலே பார்க்கச் செய்தார். மூடிய இமையின் மீது 2 நிமிடம் பனிக்கட்டிப் பையை வைத்தும் பார்த்தார். அந்நோய் இருந்தால் குளிர்ச்சியில் இமை தற்காலிகமாக உயரும். எனக்கு எந்த மாற்றமும் ஏற்படவில்லை. இரத்தப் பரிசோதனையும் அதையே உறுதிசெய்தது.

இறுதியில், லெவேட்டர் தசையை இமையோடு இணைக்கும் நாண் தளர்ந்து விலகியதே காரணம் என்று தெரிந்தது. பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் வகை இதுதான். வயது, கண் அறுவைச் சிகிச்சை, பல ஆண்டுகளாகக் காண்டாக்ட் லென்ஸ் அணிவது ஆகியவை இதற்கு வழிவகுக்கின்றன. நான் நெடுங்காலம் கடின வகை லென்ஸ் அணிந்தவன். முல்லர் தசையைச் சுருக்கிச் சில மணி நேரம் இமையை உயர்த்தும் ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2020இல் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் தளர்ந்த நாணை அது சரிசெய்யாது என்பதால் நான் அறுவைச் சிகிச்சையைத் தேர்ந்தெடுத்தேன்.

இமையில் மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டு, நாணை முன்னால் இழுத்து இமைக்குள் உள்ள தகட்டோடு தைத்தார்கள். நடுவில் என்னை எழுந்து உட்காரச் சொல்லி, கண்களைத் திறக்கவைத்து, இரு இமைகளின் உயரத்தையும் ஒப்பிட்டுத் தையலைத் திருத்தினார்கள். நோயாளி விழித்திருக்க வேண்டியதன் காரணம் இதுவே. வலியைவிட, ஏதோ இழுக்கப்படும் உணர்வே மேலோங்கியிருந்தது.

அடுத்த சில நாள்களுக்கு வீக்கமும் கருநீலக் கன்றலும் இருந்தன. தூங்கும்போது கண் முழுமையாக மூடாததால், கருவிழி உலர்ந்துவிடாமலிருக்க இரவில் களிம்பும் பகலில் செயற்கைக் கண்ணீரும் இட்டுக்கொண்டேன். முதல் வாரத்தில் இமை தேவைக்கு மேல் உயர்ந்தும் வடிவம் சீரற்றும் தெரிந்தது என்னைக் கவலைப்படுத்தியது; வீக்கம் வடிந்து இறுதி உயரம் நிலைபெறச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தது அப்போது பெரும் ஆறுதலாக இருந்தது.

இன்னொன்றையும் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. இரு கண்களின் இமைத் தசைகளுக்கும் மூளை சம அளவில் தூண்டுதல் அனுப்புகிறது. தாழ்ந்த இமையைத் தூக்க அது அனுப்பிய கூடுதல் தூண்டுதல், சிகிச்சைக்குப் பின் குறையும்போது, அதுவரை நன்றாகத் தெரிந்த மற்றோர் இமை சற்றே தாழலாம். இதனை அறியவே மருத்துவர் தொடக்கத்தில் என் வலது இமையை விரலால் உயர்த்திப் பிடித்து இடது இமையைக் கவனித்திருக்கிறார். எனக்கும் இடது இமை சிறிது தாழ்ந்தது. பார்வையை மறைக்கும் அளவுக்கு இல்லாததால், அடுத்த பரிசோதனைவரை அதனை அளந்து கண்காணித்து வருவதென முடிவுசெய்திருக்கிறோம்.