டார்ச் அடித்தபோதுதான் தெரிந்தது

போன மாதம் படுக்கையறை அலமாரியின் உச்சியில் எதையோ தேடிய மனைவி, ஆள்காட்டி விரலை நீட்டியபடி என் முன்னால் வந்து நின்றாள். விரல் நுனியில் மாவு மாதிரி மஞ்சள் தூள். என் மரவேலை அறைக்கும் அந்த அலமாரிக்கும் நடுவே இரண்டு கதவுகள். "ரெண்டையும் மூடிட்டுத்தானே வேலை செய்யறேன்?" என்றேன். "உங்க தூளுக்கு அது தெரியாது போல" என்று விரலை என் சட்டையிலேயே துடைத்துவிட்டுப் போனாள்.

அன்று ராத்திரி பத்து நிமிடம் சேண்டர், அதாவது மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் மெஷின், ஓட்டினேன். நிறுத்தி, விளக்கை அணைத்து, டார்ச் அடித்தேன். வெளிச்சம் போன வழியெல்லாம் புகை மாதிரி தூள். அரை மணி கழித்து மறுபடி அடித்தேன், இன்னும் மிதந்துகொண்டிருந்தது. நானோ இத்தனை நாளும் மெஷின் நின்ற கையோடு முகமூடியைக் கழற்றிவிட்டு, அதே அறையில் சாவகாசமாகப் பெருக்கிக்கொண்டிருந்தவன்.

காலில் மிதிபடும் சுருளும் பொடியும் பிரச்சினையே இல்லை. நம் தலைமுடி கிட்டத்தட்ட 70 மைக்ரான் தடிமன்; 10 மைக்ரானுக்கும் கீழே இருக்கிற தூள்தான் காற்றிலேயே தங்கி நெஞ்சுக்குள் போகிறது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. மூக்கிலும் அதையொட்டிய சைனஸ் அறைகளிலும் வருவது. இதைப் படித்த பிறகு எனக்குப் பெருக்குமாறைத் தொடவே மனசில்லை.

முதலில் சேண்டர். அதில் வாக்யூம் ஹோஸ் மாட்டித்தான் இருந்தேன், பிறகு ஏன் இவ்வளவு தூள்? உப்புத்தாளை உரித்துப் பார்த்தேன். அடித்தட்டில் எட்டு ஓட்டை, தாளிலும் எட்டு ஓட்டை. ஆனால் அவசரத்தில் ஒட்டியதில் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. முக்கால்வாசி ஓட்டைகள் அடைபட்டு, பிறை மாதிரி ஓர் இடுக்குதான் திறந்திருந்தது. மாதக்கணக்கில் இப்படித்தான் தேய்த்திருக்கிறேன்! இப்போது இரண்டு ஆணிகளை ஓட்டைகளில் செருகி, அவற்றின் வழியாகத் தாளை இறக்கி ஒட்டுகிறேன். கூடுதலாக ஐந்து விநாடி ஆகும், அவ்வளவுதான்.

அடுத்தது வாக்யூம். கொஞ்ச நேரத்தில் பில்டர் அடைத்து இழுவை செத்துவிடும். சேண்டருக்கும் வாக்யூமுக்கும் நடுவில் ஒரு மூடி போட்ட வாளியும், அதன்மேல் சைக்ளோன் என்கிற கூம்பு மாதிரிக் குழாயும் வைத்தேன். காற்று பக்கவாட்டில் நுழைந்து சுழலும்போது கனமான தூள் சுவரில் மோதி வாளிக்குள் விழுந்துவிடும். வாளி நிறைந்த பிறகும் வாக்யூமுக்குள் பார்த்தால் ஒரு பிடி நைஸ் பொடிதான். ஆனால் முதல் வாளி மெல்லியது. ஹோஸில் ஒரு மரச்சில்லு சிக்கியதும் 'டப்'பென்று உள்வாங்கி, மிதித்த டப்பா மாதிரி ஆகிவிட்டது. கெட்டியான வாளியாகப் பாருங்கள்.

மேஜை ரம்பத்துக்கு (டேபிள் சா) இந்த வித்தை பத்தாது. வாக்யூம் பலமாக உறிஞ்சும், ஆனால் இழுக்கிற காற்றின் அளவு கொஞ்சம்தான். ரம்பத்துக்கு 4 அங்குலக் குழாயோடு நிறையக் காற்றை இழுக்கிற டஸ்ட் கலெக்டர் வேண்டும். அது வரும் வரை அடிப்பெட்டியின் இடைவெளிகளை அட்டை வைத்து அடைத்திருக்கிறேன். முதல் தடவை உற்சாகத்தில் மோட்டாரின் காற்றுத்துளைகளையும் சேர்த்து அடைத்து, சூட்டு வாசனை வந்த பிறகு பதறிப் பிய்த்தது தனிக் கதை.

ஜன்னலில் வெளியே தள்ளும்படி ஒரு மின்விசிறி வைத்தேன். எதிர்ப்பக்கம் காற்று உள்ளே வர வழி விட வேண்டும், இல்லாவிட்டால் விசிறி சும்மா சுற்றும். எனக்கு அந்த வழி பின்வாசல் கதவு. வீட்டுக்குள் போகும் கதவின் கீழ் இடுக்கில் பழைய துணியைத் திணித்துவிட்டேன்.

முகமூடி இவை எல்லாவற்றுக்கும் பிறகுதான், ஆனாலும் வேண்டும். என்95 போட்டுக்கொண்டு மூச்சு விட்டால் கண்ணாடியில் பனி படர்ந்தது. அதாவது மூக்கோரம் காற்று கசிகிறது. கம்பியை அழுத்தினேன், அந்த இடம் சரியானது. தாடிதான் மசியவில்லை. முடி இருக்கிற இடத்தில் முகமூடி தோலோடு ஒட்டவே ஒட்டாது. பதினொரு வருஷத் தாடி, போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துவிட்டேன். மனைவி அலமாரியை மறந்து இப்போது என் முகவாயைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

கையில் பிடித்து ஓட்டி மரத்தில் பள்ளம் வெட்டும் ரவுட்டர் மெஷினுக்குத்தான் இன்னும் வழி பிடிபடவில்லை. எந்தப் பக்கம் ஹோஸை வைத்தாலும் தூள் மறுபக்கம் பீய்ச்சுகிறது. அந்த வேலையை மட்டும் வெளியே தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன், காற்று எனக்கு முதுகுப்புறமாக அடிக்கிற இடம் பார்த்து.