வாய்க்கால் எங்கே?

இரணைமடுக் குளத்துக்குக் கீழே மாமாவுக்கு 3 ஏக்கர் வயல். வாய்க்காலின் கடைக்கோடி. காலையில் குளத்தின் மதகான துருசு திறந்தால் அவருடைய வரம்பைத் தண்ணீர் தொட இருட்டிவிடும்.

விடுமுறையில் வந்திருந்த என்னிடம், வெளிநாட்டில் என்னதான் வேலை என்று கேட்டார். அணுவிலும் சிறிய துணிக்கைகளை வேகமாக ஓடவைக்கும் துணிக்கை ஆர்முடுக்கியில் காந்தங்களுக்கு மின்சாரம் கொடுக்கிறேன் என்றேன். தொண்ணூறுகளில் மின்சாரமே இல்லாத கிளிநொச்சியில், கவிழ்த்து வைத்த சைக்கிளின் டைனமோவால் வானொலி கேட்ட பிள்ளை நான். பெடலைச் சுற்றுபவரின் கை களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைத்துப்போகும். அந்தத் தொல்லைதான் என்னை இந்தத் தொழிலுக்குத் தள்ளியதோ தெரியாது.

துணிக்கைக் கற்றை போகப்போக விரியும். நான்முனைக் காந்தங்கள் அதை ஒடுக்குகின்றன. ஒன்று கிடையாக ஒடுக்கினால் நிலைக்குத்தாக விரித்துவிடும். அதனால் 90 பாகை திருப்பிய இன்னொன்று அடுத்து வேண்டும். எங்கள் கற்றையோ செக்கனுக்கு ஒருமுறை, சில மைக்ரோசெக்கன்களே வருகிறது. அதற்காக 4000 அம்பியரை நாள்முழுதும் ஓடவிட்டால் சுருள் கொதித்துவிடும். ஆகவே மின்னைத் தேக்கிவைக்கும் கொள்ளளவிகளை ஆறுதலாக நிரப்பி, மின்சுவிச்சான தைரிஸ்டரைத் திறந்து ஒரேயடியாகப் பாய்ச்சுகிறோம்.

குளமும் துருசும் என்று மாமா உடனே பிடித்துக்கொண்டார். எங்கள் குளம் 400 மைக்ரோபரட், 2000 வோல்ற்: தேங்கும் சக்தி 800 யூல். 50 கிலோ நெல்மூட்டையைத் தோளுக்கு ஏற்றும் சக்தி அவ்வளவுதான் என்றதும் முகம் சுருங்கியது. அதைச் செக்கனில் 3000இல் ஒரு பங்குக்குள் ஏற்றவேண்டும் என்றேன். பேசாமல் வெற்றிலையை மடித்தார்.

பிறகு கேட்டார்: “வாய்க்கால் எங்கே, தம்பி?”

அந்தக் கேள்வி முன்பே என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. காந்தத்தின் தூண்டம், அதாவது மின்னோட்டம் சட்டென்று ஏறுவதைத் தடுக்கும் தன்மை, 100 மைக்ரோஹென்றி. கணக்கின்படி உச்சம் 4000 அம்பியர். திரையில் வந்தது 3640. கொள்ளளவியைச் சந்தேகித்தேன், தைரிஸ்டரை மாற்றினேன், அளக்கும் கருவியைத் திட்டினேன். கதிர்வீச்சுக்குப் பயந்து மின்வழங்கியை மேற்கட்டடத்தில் வைத்திருந்தோம். காந்தம் கீழே சுரங்கத்தில். போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் தட்டில் விலகிக் கிடந்தன. அவை மட்டுமே 21 மைக்ரோஹென்றி! உச்சமும் 30 மைக்ரோசெக்கன் பிந்தியது. கற்றை வரும் நேரத்தில் மின்னோட்டம் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

2200 வோல்ற்றுக்கு உயர்த்தினால் 4000 கிடைத்துவிடும். மேலாளருக்கு அதில்தான் ஆசை. வோல்ற் கொஞ்சம் ஏறினாலே கொள்ளளவியின் ஆயுள் மளமளவென்று குறையும், நான் சம்மதிக்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாகச் செல்லும் ஓரச்சுக் கம்பிகள் பலவற்றை இணையாகப் போட்டோம். தூண்டம் சில மைக்ரோஹென்றிக்கு இறங்கியது.

மாமா முழுவதும் கேட்கவில்லை. இரவு 9 மணியாகிவிட்டது, டோர்ச்சுடன் வயலுக்குக் கிளம்பினார். நானும் போனேன். தண்ணீர் வந்திருக்கவில்லை. மேலே யாரோ வாய்க்காலை மறித்துத் தம் வயலுக்குத் திருப்பியிருந்தார்.