கம்பு பிடிக்கவால அமெரிக்கா போன?

"ஏல, கம்பு பிடிக்கவால அமெரிக்கா போயிருக்க?"

சித்தப்பா கேட்டதுல தப்பே இல்ல. குடும்ப குரூப்ல நான் போட்ட போட்டோ அப்படி. தலையில குரங்கு குல்லா, எனக்கு ரெண்டு சைஸ் பெருசா ஒரு மஞ்ச ஜாக்கெட், கையில என்னைவிட உயரமா ஆரஞ்சு கலர்ல ஒரு கம்பு, அதோட அடியில ஒரு இரும்புச் சங்கிலி தரையோட தரையா ஓடுது. பின்னாடி பச்சை ஹெல்மெட் போட்ட பயலுக ஒருத்தன் மேல ஒருத்தன் கிடக்கானுக. "இதான் உன் மேல்படிப்பா?"ன்னு கேட்டுட்டு போனை சித்திகிட்ட குடுத்துட்டாரு, சித்தி சிரிச்ச சிரிப்பு ஒரு நிமிஷம் நிக்கவே இல்ல.

விளக்குறேன். நான் இருக்கறது வெர்மான்ட் மாநிலத்துல பர்லிங்டன். ஏரிக்கரை ஊரு, மேட்டுல நின்னு பாத்தா சாம்ப்ளெய்ன் ஏரிக்கு அந்தப் பக்கம் நியூயார்க் மாநிலத்து மலை தெரியும், அக்டோபர்ல மரமெல்லாம் சிவப்பும் மஞ்சளுமா மாறும்போது அதைப் பாக்கறதுக்குன்னே ஜனம் கார் எடுத்துட்டு வருது. கோவில்பட்டி கரிசக்காட்டுல வெயில் குடிச்சு வளந்தவனுக்கு முதல் வருஷம் இந்த ஊரு எப்படி இருந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. வீட்டை மூணு பேர் பகிர்ந்துக்கறோம். அதுல ஒருத்தன் இங்கயே இளங்கலை படிக்கற பையன், யுனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் கிளப்புக்குப் பொருளாளர், அதாவது பந்தைக் கையில பிடிச்சுட்டு முட்டி மோதி ஓடற ஆட்டம், நம்ம ஊர் ஃபுட்பால் இல்ல. பேரு வேண்டாம், பொருளாளர்னே வச்சுக்குவோம், வீட்டுலயும் நான் அப்படித்தான் கூப்பிடறேன், அவனும் திரும்பிப் பாக்கப் பழகிட்டான்.

இந்த யுனிவர்சிட்டிக்கு ஃபுட்பால் டீம்னு அதிகாரப்பூர்வமா ஒண்ணும் கிடையாது. இருந்துச்சு, 1974-ல காசு கட்டுப்படியாகலன்னு மூடிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு குசும்பு டி-ஷர்ட் வந்துச்சு, "வெர்மான்ட் ஃபுட்பால், 1974-லேர்ந்து தோத்ததே இல்ல"ன்னு. ஆடுனாத்தானய்யா தோக்கறதுக்கு. ஊருக்குள்ள இன்னமும் அந்த டி-ஷர்ட்டைப் போட்டுட்டுத் திரியறவங்க இருக்காங்க. 2007-ல பசங்களே சேர்ந்து கிளப்பா திரும்ப ஆரம்பிச்சானுக. ஆரம்பிச்ச உடனே தோக்கவும் ஆரம்பிச்சாச்சு, டி-ஷர்ட் வாசகம் பொய்யாப் போச்சுன்னு பொருளாளர் பெருமையா சொல்லுவான்.

கிளப்புன்னா என்னன்னு எனக்குப் புரியவே ஒரு வாரம் ஆச்சு. அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால்னா நாம யூடியூப்ல பாத்திருக்கறது மிச்சிகன் யுனிவர்சிட்டி மாதிரி. ஆன் ஆர்பர்ல இருக்கற அந்த ஸ்டேடியத்துல 1,07,601 பேர் உக்காரலாம். அந்த மாதிரி இடத்துல ஆடற பையனுக்கு ஸ்காலர்ஷிப் உண்டு, 2021-லேர்ந்து தன் பேரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் குடுத்துச் சம்பாதிக்கலாம், 2025-ல கோர்ட்டு ஒப்புதலோட காலேஜே நேரடியா காசு குடுக்கலாம்னு ஆயிடுச்சு, முதல் வருஷத்துக்கு ஒரு காலேஜுக்கு எல்லா விளையாட்டுக்கும் சேத்து சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரைக்கும். இந்தப் பக்கம் நம்ம பையன் என்ன பண்றான்னா, அடி வாங்கறதுக்கு அவனே சந்தா கட்டறான். ஆமா, காசு கட்டி அடி வாங்கறான். ஞாயித்துக்கிழமை காலையில படி இறங்க முடியாம பொத்துனாப்ல உக்காந்து ஒவ்வொரு படியா இறங்கி வர்றான், வந்து அடுப்புல காபி வைக்கறதுக்கு முன்னாடி லேப்டாப்பைத் திறந்து யார் யார் சந்தா பாக்கின்னு பாக்கறான்.

அந்த எக்செல் ஷீட்தான் என்னைக் கவுத்துச்சு.

ஏன்னா எங்க ஊர் ஹாக்கி ஊரு. மத்த ஊர்ல பய கிரிக்கெட் மட்டையோட திரிவான், எங்க தெருவுல ஹாக்கி மட்டை. 2022 ஆசியக் கோப்பையில இந்தியா சீனியர் டீம்ல ஆடுன மாரீஸ்வரன் சக்திவேல் எங்க ஊருதான், இதை யார் கேட்டாலும் கேக்காட்டியும் சொல்லிருவேன். சித்தப்பா ஒரு கிளப்புல ஆடுனாரு, ஆட்டத்தைவிட வசூல்ல கெட்டி. மே மாசம் டோர்னமென்ட்டுன்னா ரெண்டு மாசம் முன்னாடியே ரசீது புக்கு அடிச்சிருவாங்க. தீப்பெட்டி ஆபீஸ், கடலமிட்டாய்க் கடை, நகைக்கடை, மெடிக்கல், ஒண்ணு விடாம ஏறி இறங்கணும். கார்பன் பேப்பரை மாத்தி வைக்கறது என் வேலை. நகைக்கடைக்காரர் "அடுத்த வாரம் வாங்க தம்பி"ன்னு சொல்லுவாரு, அடுத்த வாரமும் அதையேதான் சொல்லுவாரு, ஆனா சித்தப்பா மூணாவது வாரமும் சிரிச்ச முகமா போயி நிப்பாரு. நோட்டீஸ்ல பேரு எந்த வரிசையில வரணும்ங்கறதுல ஒரு வருஷம் ரெண்டு மாமாக்கள் பேச்சுவார்த்தையே நின்னு போச்சு. அந்த வெயில்ல, ஒவ்வொரு கடையிலயும் குடுக்கற கலர் குடிச்சுக் குடிச்சு... சரி, நான் வெர்மான்ட்டைப் பத்திச் சொல்ல வந்தேன்.

பொருளாளரோட வசூல் வேற தினுசு. கடை கடையா ஏற முடியாது, யாரும் அப்படிப் பண்ண மாட்டாங்களாம். முதல்ல ஆளுக்கு இவ்வளவுன்னு சந்தா. அப்புறம் மாணவர் பேரவை முன்னாடி போயி நின்னு, போன வருஷக் கணக்கு, இந்த வருஷத் தேவைன்னு ஸ்லைடு போட்டு நிதி கேக்கணும், கேள்வி கேக்கறதும் இவன் வயசுப் பசங்கதான், சும்மா விட மாட்டாங்க. அப்புறம் பழைய மாணவர்களுக்கு மெயில். அதுக்கப்புறமும் துண்டு விழும். செலவு அப்படி: பஸ் வாடகை, அம்பயர்களுக்குக் கூலி, மைதானத்துல நிக்கற மருத்துவ ஆளுக்குக் கூலி, எல்லாத்துக்கும் மேல ஹெல்மெட்.

ஹெல்மெட்டைப் பத்தி நான் இவ்வளவு தெரிஞ்சுக்குவேன்னு நினைச்சே பாக்கல. ஒரு நாள் ராத்திரி எங்க ஹால் முழுக்க ஹெல்மெட்டா பரப்பி வச்சு, ஒவ்வொண்ணையும் கவுத்து, உள்ள ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல தயாரிச்ச வருஷத்தை அவன் வாசிக்க நான் எழுதுனேன். சீசன் முடிஞ்சா செப்பனிடற கம்பெனிக்கு அனுப்பணும், அங்க கழுவி, விரிசல் இருக்கான்னு சோதிச்சு, உள்ள பேடெல்லாம் மாத்திக் குடுப்பாங்க. பத்து வருஷம் தாண்டிட்டா தொடவே மாட்டாங்க, தூக்கிப் போட வேண்டியதுதான். ஒரு ஹெல்மெட்டுக்கு வயசு முடிய ஒரு மாசம்தான் பாக்கி. அதைப் பாத்து அவன் விட்ட பெருமூச்சு இருக்கே, எங்க சித்தப்பா நகைக்கடை படியில இறங்கும்போது விட்டதேதான். வேர்வை நாத்தம் வேற, ரெண்டு நாள் ஹால்ல சாம்பார் வாசனையே எடுபடல.

சங்கிலி எப்படி என் கைக்கு வந்துச்சுன்னா, உள்ளூர் ஆட்டத்துக்கு சங்கிலிக்காரங்களை நாமதான் ஏற்பாடு பண்ணணும், அன்னைக்கு ஒருத்தன் வரல. நாலு முயற்சிக்குள்ள பத்து கஜம் நகரணும், நகந்தா மறுபடி நாலு முயற்சி, அதான் இந்த ஆட்டத்தோட உயிர்நாடி. ரெண்டு கம்புக்கு நடுவுல பத்து கஜச் சங்கிலி, மூணாவது கம்புல 1, 2, 3, 4ன்னு எத்தனாவது முயற்சிங்கற நம்பர். சந்தேகம் வந்தா அம்பயர் கூப்பிடுவாரு, சங்கிலியைத் தூக்கிட்டு மைதானத்துக்குள்ள ஓடணும். சங்கிலில ஒரு கிளிப் மாட்டியிருக்கும், மைதானத்துல அஞ்சு கஜத்துக்கு ஒண்ணாப் போட்டிருக்கற கோட்டுல அந்த கிளிப்பை சரியா வச்சு இழுத்தா சங்கிலி முன்ன இருந்த அதே இடத்துக்கு வந்துரும். என்னா மூளைய்யா. எல்லாரும் மூச்சைப் பிடிச்சுட்டு நிக்க, நான் கம்பை இழுத்து ஊன, பந்தோட மூக்கு கம்பைத் தாண்டிருச்சான்னு அம்பயர் குனிஞ்சு பாக்க, இவ்வளவு பெரிய பொறுப்பு எனக்கு ஆராய்ச்சிக் கூடத்துல கூட யாரும் தரல.

ஆனா ஒரே கொடுமை, சங்கிலிக்காரன் கத்தக் கூடாது. நடுநிலையா நிக்கணுமாம். நம்ம பொருளாளர் எதிராளி கையிலேர்ந்து பந்தைத் தட்டிவிட்டு அது மேலயே விழுந்து கிடக்கான், நான் கல்லு மாதிரி நிக்கணும். எங்க ஊர் மைதானத்துல கோல் ஜட்ஜு பக்கத்துல நின்னே கத்துவோம். ஒருவாட்டி பயலுக கூட்டமா என் மேல வந்தப்ப கம்பைப் போட்டுட்டு ஓடச் சொன்னாங்க, அப்படித்தான் செய்யணுமாம், விதியே அதான். ஓடுன வேகத்துல ரெண்டு வார்த்தை நல்ல கோவில்பட்டித் தமிழ்ல வந்துச்சு, அம்பயருக்குப் புரியல, பொழச்சேன்.

பாக்க வந்தவங்க யாருன்னு கேக்காதீங்க. மாசசூசெட்ஸ், கனெக்டிகட்லேர்ந்து கார் ஓட்டிட்டு வந்த அப்பா அம்மாக்கள், மடக்கு நாற்காலி, கம்பளி, நாலஞ்சு நாய், சில காதலிகள். ஊர்லேர்ந்து வந்த கடலமிட்டாயை இடைவேளைக்கு டீமுக்குக் குடுக்கலாம்னு டப்பாவோட போயிருந்தேன். திறக்கறதுக்குள்ள ஒரு அம்மா ரொம்ப மரியாதையா "நிலக்கடலையா?"ன்னு கேட்டு, டீம்ல ஒருத்தனுக்கு அலர்ஜின்னு டப்பாவை அவங்க கார் டிக்கியில வச்சுப் பூட்டிட்டாங்க. நியாயம்தான். 2020-ல புவிசார் குறியீடு வாங்குன மிட்டாய், ஒரு வால்வோ டிக்கிக்குள்ள கைதியாக் கிடந்துச்சு. ஆட்டம் முடிஞ்சு டப்பாவைத் திருப்பிக் குடுக்கும்போது ஒண்ணு எடுத்து வாயில போட்டவங்க, கார் எடுக்காம நின்னு இன்னும் ரெண்டு கேட்டாங்க. அது ஒரு ஆறுதல்.

இந்தக் கிளப்புக் கூத்து இன்னைக்கு நேத்தைய கதை இல்ல. ஜார்ஜ்டவுன் யுனிவர்சிட்டி 1951-ல டீமை மூடுச்சு, ஃபோர்டாம் யுனிவர்சிட்டி 1954 சீசனோட மூடுச்சு. ஃபோர்டாம்னா சாதாரண இடமில்ல, இந்த ஆட்டத்தோட பெரிய ஃபைனலான சூப்பர் பவுல் கோப்பைக்கே பேரா இருக்கற வின்ஸ் லொம்பார்டி 1930-கள்ல ஆடுன காலேஜ். அங்கயே டீம் இல்ல. ரெண்டு இடத்துலயும் 1964-ல மாணவர்களே காசு சேத்து கிளப்பா ஆரம்பிச்சு, 1970-ல நிர்வாகமே வெக்கப்பட்டு திரும்ப டீமா எடுத்துக்கிச்சு. வெக்கப்பட்டுங்கறது என் கருத்து. பொருளாளர் இதை புராணம் மாதிரி சொல்லுவான், கண்ணுல அந்தப் பேராசை தெரியும்.

இவங்களுக்கும் தேசிய சாம்பியன்ஷிப் உண்டு. அதுலயும் ஒரு கூத்து: 2010-கள்ல நேஷனல் கிளப் ஃபுட்பால் அசோசியேஷன்னு ஒண்ணு, இன்டர்காலேஜியேட் கிளப் ஃபுட்பால் ஃபெடரேஷன்னு இன்னொண்ணு, ரெண்டும் தனித்தனியா பட்டம் குடுத்துச்சு. சித்தப்பாகிட்ட சொன்னா ஆச்சரியமே படல, "சங்கம்னா ரெண்டா உடையத்தாம்ல செய்யும்"னுட்டாரு. எங்க டீம் அந்தப் பக்கம் இந்த சீசன் எட்டிப் பாக்கல. ஃபைனலை வீட்டு ஹால்ல லேப்டாப்ல பாத்தோம், கேமரா ஒண்ணே ஒண்ணு, காத்துல ஆடுது, வர்ணனை பண்றவனே நடுவுல தும்முறான். ஜெயிச்ச டீம் கோப்பையைத் தூக்கிக் கத்துனதைப் பொருளாளர் ஒண்ணும் பேசாம பாத்துட்டு, "அவங்க ஹெல்மெட் எல்லாம் புதுசு"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

இதே யுனிவர்சிட்டியோட சாக்கர் டீம், அதாவது நம்ம ஊர் ஃபுட்பால், 2024 டிசம்பர்ல தேசிய சாம்பியன் ஆச்சு, மார்ஷல் யுனிவர்சிட்டியை எக்ஸ்ட்ரா டைம்ல ஜெயிச்சு, ஊரே தெருவுல. அதுக்கு நானும் சந்தோஷப்பட்டேன். ஆனா எனக்கு சந்தா கட்டறவனுகதான் சொந்தம்.

இப்ப நான் செட்டில் ஆயிட்டேன்னுதான் சொல்லணும். குக்கர் இருக்கு, பஸ் நேரம் தெரியும், ஐஸ்ல பாதத்தை முழுசா ஊனி நடக்கத் தெரியும். மான்ட்ரியல்ல இலங்கைத் தமிழ்க் கடைங்க இருக்கு, ரெண்டு மணி நேரம்தான், கனடா விசா மட்டும் வேணும், அதனால முருங்கைக்காயைப் போட்டோல பாத்துக்கறேன். சாயங்காலம் நாலரைக்கே இருட்டிருது, அந்த நேரத்துக்கு ஊர்ல ராத்திரி மூணு மணி, இன்னும் ரெண்டு மூணு மணி நேரத்துல சித்தி வாசல் தெளிக்க எந்திரிச்சுரும், மைதானத்துல முதல் மட்டை சத்தம் கேட்டுரும்.

மாணவர் நடத்தற கிளப்போட பெரிய வியாதி, நடத்தறவன் படிச்சு முடிச்சுட்டுப் போயிருவான். பொருளாளருக்கு மே மாசத்தோட முடியுது. கணக்கு தெரிஞ்ச ஆளு வேணும்னு ஒரு மாதிரி என்னையே பாக்கறான், எனக்கு வசூல் அனுபவம் இருக்குன்னு சித்தப்பா கதையெல்லாம் சொன்னது நான்தானே. முடியாதுன்னு சொல்லிட்டு, ஹெல்மெட் நிதிக்கு இருபது டாலர் அனுப்புனேன். போன்ல டிங்குன்னு ஒரு சத்தம், ஒரு ஃபுட்பால் பொம்மை, முடிஞ்சு போச்சு. ரசீது எங்கன்னு கேட்டேன். முழிக்கறான். நம்பர் போட்டு, கையெழுத்துப் போட்டு, அடிக்கட்டையை நீ வச்சுக்கிட்டு மிச்சத்தை எனக்குக் கிழிச்சுக் குடுக்கணும்டான்னு உக்கார வச்சு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன், அடிக்கட்டை எதுக்குன்னு கேக்கறான்.