தூத்துக்குடியிலிருந்து மாலிக்கு 1,186 மூட்டை பல்லாரி

மாலத்தீவுக்கு வெங்காயம் அனுப்புவது எப்படி என்று கேட்டு, தெரிந்தவர்கள் பலர் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால் 2025 ஏப்ரலில் நான் முதல் லோடு அனுப்பியதை, பட்ட சிரமத்தோடு சேர்த்து எழுதிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் காய்கறி, பல்லாரி (பெரிய வெங்காயம்) கமிஷன் வியாபாரம். நாசிக் சரக்கு, ஒட்டன்சத்திரம் சரக்கு எல்லாம் வாங்கி உள்ளூர்க் கடைகளுக்கும் கேரளாவுக்கும் கொடுப்போம். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மாலத்தீவின் தலைநகரான மாலிக்குப் போகும் மரத் தோணிகளைச் சின்ன வயதிலிருந்தே பார்க்கிறேன், ஆனால் அதில் நம் சரக்கு ஏறும் என்று நினைத்ததில்லை. என் மாமா ஒருவர் திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்து அறையில் மாலிக்காரர் ஒருவர் தன் அம்மாவுக்கு வைத்தியம் பார்க்க வந்திருந்தார். மாலத்தீவிலிருந்து வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் வருகிறவர்கள் ஏராளம். அவர் மாலியில் மொத்தக் காய்கறிக்கடை வைத்திருப்பவர், மலையாளம் ஓரளவு பேசுவார். இரண்டு நாள் டீக்கடையில் உட்கார்ந்து பேசியதில் தொடங்கியதுதான் இந்த வியாபாரம். அவரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன்.

அவர் முதலில் கேட்ட கேள்வி விலை பற்றியது இல்லை. "மாசம் ஒரு தடவை தவறாம வருமா?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை. இங்கே ஒரு லாரி வராவிட்டால் அடுத்த லாரியைப் பார்த்துக்கொள்வோம். அங்கே வெங்காயம் விளைய நிலமே கிடையாது. காலையில் சாப்பிடும் மாஸ் ஹுனியில் சூரை மீனும் தேங்காயும் அவர்களுடையது, வெங்காயமும் தொட்டுச் சாப்பிடும் ரொட்டிக்கு மாவும் கப்பலில் வந்தாக வேண்டும். 2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது அவர் பட்ட பயத்தை அவரே சொல்லக் கேட்டேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவுக்கும் மாலத்தீவுக்கும் 1981-ல் போட்ட வர்த்தக ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதன்படி முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம், அரிசி, கோதுமை மாவு, சர்க்கரை, பருப்பு, ஆற்று மணல், ஜல்லி ஆகியவற்றுக்கு அளவு ஒதுக்குகிறார்கள். அந்த அளவுக்குள் போகிற சரக்கை மற்ற நாடுகளுக்குப் போட்ட தடை கட்டுப்படுத்தாது. 2024-25-க்கு வெங்காயம் 35,749 டன், முட்டை 42.75 கோடி, மணலும் ஜல்லியும் தலா 10 லட்சம் டன். 1981-லிருந்து அதுவரை ஒதுக்கியதில் அதுதான் அதிகம். இரண்டு நாடுகளுக்கும் இடையே பேச்சு மிகவும் கசந்திருந்த நேரத்தில், 2024 ஏப்ரலில், அந்த அறிவிப்பு வந்தது. டெல்லியிலும் மாலியிலும் என்ன பேசிக்கொண்டாலும் தோணி போய்க்கொண்டுதான் இருந்தது, அதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த 35,749 டன்னை ஒரு நாள் கடையில் உட்கார்ந்து வகுத்துப் பார்த்தேன். 2022 கணக்கெடுப்பின்படி அங்கே 5.15 லட்சம் பேர். ஆளுக்கு 69 கிலோ வருகிறது! முதலில் கணக்கில்தான் தப்பு என்று நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, இது உச்ச அளவு, அதோடு வருடத்துக்கு 20 லட்சம் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், ரிசார்ட் சமையலறை எல்லாம் இதே வெங்காயத்தில்தான் ஓடுகிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் பாய் ஏன் ஒரே அளவு, ஒரே நிறம் என்று அவ்வளவு வற்புறுத்துகிறார் என்று விளங்கியது. அவர் சரக்கில் பாதி ரிசார்ட்டுக்குப் போகிறது.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். ஐ.ஈ.சி. (ஏற்றுமதி இறக்குமதி செய்வோருக்கான எண்) எடுப்பது எளிது, ஆன்லைனில் 500 ரூபாய் கட்டினால் பான் எண்ணிலேயே வந்துவிடும். விளைபொருள் ஏற்றுமதியைக் கவனிக்கும் அரசு அமைப்பான அபேடாவில் பதிவு, பணம் வரப்போகும் வங்கிக் கிளையைக் காட்டும் ஏ.டி. கோட் எண்ணை வங்கியில் வாங்கிக் கஸ்டம்ஸ் தளத்தில் ஏற்றுவது, இதற்கெல்லாம் நல்ல கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஒருவர் இருந்தால் போதும், பெரிதாக எழுத ஒன்றுமில்லை. எனக்கு ஏ.டி. கோட் பதிவாக ஒன்பது நாள் ஆனது, அவ்வளவுதான். இதையெல்லாம் பிப்ரவரியிலேயே முடித்துவிட்டேன்.

முடித்துவிட்டுக் காத்திருந்தேன். அப்போது வெங்காயத்துக்கு 20 சதவீத ஏற்றுமதி வரி இருந்தது. அதைச் சேர்த்து நான் சொன்ன விலை பாய்க்குக் கட்டுப்படியாகவில்லை. மார்ச் 22-ம் தேதி, ஏப்ரல் 1 முதல் வரி கிடையாது என்று அறிவிப்பு வந்தது. அன்று ராத்திரியே பாய் போன் செய்தார், நான் செய்வதற்கு முன்னால். இன்னொரு பக்கம் அவசரமும் இருந்தது. தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் தோணி மாலிக்குப் போக முடியாது, மறுபடி காற்று தணிந்துதான் ஓட்டம். கன்டெய்னர் கப்பலில் அனுப்பலாமே என்று கேட்பீர்கள். அனுப்பலாம், 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி வழியாக மாலத்தீவின் வடக்கே உள்ள குளுதுஃபுஷிக்கும் மாலிக்கும் அரசே நேரடிச் சரக்குக் கப்பல் விட்டது. ஆனால் 24 டன் வெங்காயத்தை முதல் தடவை அனுப்புகிற எனக்குத் தோணிதான் கையில் பிடிபட்டது. அதே தோணியில் வேறு ஆட்களின் செங்கல், சிமென்ட், வாழைக்காய் எல்லாம் சேர்ந்து போகும், வாடகையைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.

மூட்டை அளவில்தான் முதல் பாடம். நமக்குப் பழக்கம் 50 கிலோ. பாய் 20 கிலோ வலைப்பைதான் வேண்டும் என்றார். அங்கே தோணியிலிருந்து இறக்கி, பிக்கப் வண்டியில் ஏற்றி, கடையில் அடுக்கி, மறுபடி தீவுகளுக்குப் போகும் படகில் ஏற்றி, அந்தத் தீவில் ஒருவர் தோளில் தூக்கிப் போக வேண்டும். கிட்டத்தட்ட 1,200 தீவுகள், அதில் மக்கள் குடியிருப்பது இருநூறுக்கும் கீழே. மாலியோடு சரக்கின் பயணம் முடிவதில்லை. 50 கிலோ மூட்டை அனுப்பினால் அவர் பிரித்துக் கட்ட வேண்டும், அதில் தோல் உதிர்ந்து எடை குறையும். ஆக 1,200 பை கட்டினோம்.

பயிர்த் தனிமைப்படுத்தல் அலுவலகத்தில் பைட்டோ சான்றிதழுக்கு (சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்பதற்கான சான்று) மனு போட்டோம், வந்து மாதிரி எடுத்துப் பார்த்தார்கள், மண் ஒட்டியிருக்கிறதா, பூச்சி இருக்கிறதா என்று. சரியாகவே இருந்தது. தப்பு நான் செய்தேன். சான்றிதழ், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், கஸ்டம்ஸுக்குக் கொடுக்கும் ஏற்றுமதிப் பத்திரமான ஷிப்பிங் பில் நான்கிலும் 1,200 பை, 24,000 கிலோ என்று போட்டாகிவிட்டது. ஏற்றுகிற அன்று விடியற்காலை தோணியை ஓட்டும் தலைவரான தண்டல் வந்து நின்றார். அறுபது வயது இருக்கும். பையைக் குனிந்து மோந்து பார்ப்பார், வெங்காயத்தின் கழுத்துப் பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்குவார், அமுங்கினால் தனியே வைக்கச் சொல்வார்.

"தம்பி, இந்த ஒரு பை வேர்த்துச்சுன்னா பக்கத்துல இருக்குற பத்துப் பையும் போயிரும். உள்ளே காத்து கிடையாது, பாத்துக்க."

அப்படிப் பதினான்கு பைகளைக் கழித்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை, 280 கிலோ. ஆனால் அவர் சொன்னது சரி என்று வியாபாரிக்குத் தெரியாதா? ஏற்றினது 1,186 பை, 23,720 கிலோ. இப்போது நான்கு காகிதத்திலும் எண் தப்பு. ஏஜென்ட் ஷிப்பிங் பில் திருத்தத்துக்கு ஓடினார், நான் பைட்டோ திருத்தத்துக்கு ஓடினேன், ஒரு முழு நாள் போனது. அந்த ஒரு நாளுக்கு மற்ற சரக்குக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அதனால் சொல்கிறேன், தரம் பிரித்துக் கழித்து, எண்ணி முடித்த பிறகு காகிதம் போடுங்கள். காகிதத்துக்கு எத்தனை டன் என்பது கணக்கே இல்லை. 24 டன்னுக்கும் அதே கட்டு, 2,000 டன்னுக்கும் அதே கட்டு. சின்ன நாட்டுக்குச் சின்ன அளவில் அனுப்புகிறவனுக்குச் செலவு கூடுவது இந்த இடத்தில்தான்.

அடுக்குவதையும் தண்டலே நின்று பார்த்தார். கீழே பலகை, அதன்மேல் பை, இரண்டு வரிசைக்கு ஒரு முறை கை நுழைகிற அளவு இடைவெளி. வாழைக்காய்க்கும் வெங்காயத்துக்கும் நடுவே செங்கலை அடுக்கச் சொன்னார். மேலே தார்ப்பாய், மழை தூறினால் மட்டும் இழுத்து மூட வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது மரத் தோணிக்கு அந்தப் பாலிசி செல்லுமா என்று கேட்டு எழுத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், வாயால் சொன்னதை நம்பி இருக்காதீர்கள்.

சுமார் 400 கடல் மைல். மூன்று நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் துறைமுகத்தில் இடம் கிடைக்க நான்கு நாள் வெளியே நங்கூரம் போட்டு நின்றது. மாலி இருக்கிற இடமே கொஞ்சம், சரக்குத் துறை அதிலும் கொஞ்சம். அந்த நான்கு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை. பாய் வீடியோ அனுப்பினார்: ஒரு பையன் பையைத் தோளில் வைத்துப் பலகையில் இறங்குகிறான், பின்னால் பளபளவென்று உயரக் கட்டடங்கள், பை எங்கள் ஊர் சிவப்பு வலைப்பை. அதைப் பார்த்ததும் என் அம்மா கண் கலங்கிவிட்டார். கெட்டது 31 பை. தண்டல் கழித்த பதினான்கும் உள்ளே போயிருந்தால் எத்தனை ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. 31 பைக்கு உரிய பணத்தை அடுத்த லோடில் கழித்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டோம்.

இனி பணம். இதைத்தான் எல்லோரும் கவனமாகப் படிக்க வேண்டும். பாதித் தொகை முன்பணம், மீதி சரக்கு இறங்கி ஏழு நாளில் என்று பேச்சு. பாய் நேர்மையானவர். அவர் கையில் அவர்கள் நாட்டுப் பணமான ருஃபியா இருந்தது, வங்கியில் டாலர் கிடைக்கவில்லை. அங்கே வங்கிக் கணக்குப்படி ஒரு டாலர் 15.42 ருஃபியா, அந்த விலைக்கு வியாபாரிக்குத் தேவையான அளவு கிடைக்காது, வெளியே வாங்கினால் இன்னும் அதிகம். எல்லாவற்றையும் இறக்குமதி செய்கிற நாடு, டாலர் வருவது பெரும்பாலும் சுற்றுலாவிலிருந்து. 2024 அக்டோபரில் இந்தியா 40 கோடி டாலரும் 3,000 கோடி ரூபாயும் நாணய மாற்று ஏற்பாடாகக் கொடுக்க ஒப்பந்தம் போட்டதற்குப் பின்னணியும் இந்தத் தட்டுப்பாடுதான். மீதிப் பணம் மூன்று தவணையாக 47 நாளில் வந்தது.

மூன்று தவணையிலும் நடுவில் இருந்த வங்கி தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்டது, மொத்தம் 75 டாலர் குறைந்தது. குறைந்தால் என்ன, சின்னத் தொகைதானே என்று விட்டுவிட முடியாது. ஷிப்பிங் பில்லில் உள்ள தொகையும் வந்த தொகையும் பொருந்தாவிட்டால் ரிசர்வ் வங்கியின் கணினிக் கணக்கில் அந்தப் பில் முடியாமல் தொங்கும். ஒன்பது மாதத்துக்குள் பணம் வர வேண்டும் என்பது அப்போதைய விதி. கெட்ட 31 பைக்கு அந்த இன்வாய்ஸிலேயே கழிவு கொடுக்காமல் அடுத்த லோடுக்குத் தள்ளியதும் எனக்குக் குழப்பத்தைக் கூட்டியது. கடிதம், இன்வாய்ஸ் நகல், ஒவ்வொரு தவணையின் வரவுச் சீட்டு எல்லாம் கொடுத்து வங்கியில் நான்கு முறை உட்கார்ந்தேன். அடுத்த முறைக்கு இப்போது பேசி வைத்திருப்பது: வங்கிக் கட்டணம் முழுவதும் பணம் அனுப்புகிறவர் தலையில், தவணை இரண்டுக்கு மேல் கூடாது, முன்பணம் அறுபது சதவீதம்.

ரூபாயிலேயே இன்வாய்ஸ் போடலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். ரூபாய், ருஃபியாவில் நேரடியாகக் கொடுக்கல் வாங்கல் செய்ய 2024 நவம்பரில் இரண்டு நாட்டு மத்திய வங்கிகளும் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. எங்கள் கிளையில் அதைச் செய்து பார்த்தவர் யாரும் இல்லை, மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இது ஓடத் தொடங்கினால் என்னைப் போன்ற சின்ன வியாபாரிகளுக்கு உண்மையிலேயே பெரிய உதவி. பாயிடம் ருஃபியா இருந்தும் நான் 47 நாள் காத்திருந்தேனே, அந்த வலி எனக்குத்தான் தெரியும். யாராவது ரூபாயில் முடித்திருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

திரும்பி வரும்போது தோணியில் பழைய இரும்புதான் வந்தது. 2022-ல் இரண்டு நாட்டு வர்த்தகம் 50 கோடி டாலரைத் தாண்டியது, அதில் பெரும்பங்கு இங்கிருந்து போவது. அங்கிருந்து வருவதில் உலோகக் கழிவே முக்கியம். வரும்போதும் நல்ல லோடு இருந்தால் போகிற வாடகை குறையும் என்று தண்டல் சொல்வார்.

தண்டல் கையில் பாய் ஒரு பொட்டலம் கொடுத்து விட்டிருந்தார், இரண்டு கிலோ மாசிக் கருவாடு. அம்மா அதை அம்மியில் தட்டி, நம் பல்லாரியும் தேங்காயும் போட்டுச் சம்பல் அரைத்தார். அந்த ஷிப்பிங் பில் ஜூலை கடைசியில் முடிந்தது. காற்று தணிந்ததும் முதல் தோணியில் 1,500 பைக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன், இந்த முறை காகிதம் போடுவதற்கு முன்னால் தண்டலை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.